குளிசையைக் குறைக்காமல் செலவைக் குறைப்போம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திற்குத் தையல் குழுவொன்றைப் பார்ப்பதற்காகச் சென்றிருந்தோம். குழுவின் பொருளாளராக இருக்கும் அக்காவின் வீட்டில் தேநீர் தந்தார்கள். அவருக்கு 52 வயது. 2009 மே மாதத்திற்குப் பின்னர் கணவர் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இடது காலில் இன்னமும் ஷெல் துண்டொன்று இருக்கிறது. மகளும் பேரனும் அவரோடு இருக்கிறார்கள். ஜன்னல் கட்டில் ஒரு பழைய மா ரின். அதற்குள் குளிசைகள்.

"இது என்ன அக்கா, போன மாதத்துக் குளிசை இன்னும் மிச்சம் கிடக்குது?" என்று எம்மோடு வந்த சகோதரி கேட்டார்.

"அது பிறஷர் குளிசை. கிளினிக்கில இல்லையெண்டு வெளியில எழுதித் தந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒரு மாதக் குளிசை ரெண்டு மாதத்துக்குக் காணும்" என்றார் அவர், ஏதோ சமையல் சிக்கனம் சொல்வது போல.

பேரனுக்கு இழுப்பு வருத்தம். அவனுடைய மருந்து ஒருநாளும் தவறுவதில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே பாமசிக்குப் போகிறார். நிறுத்துவது தன்னுடைய மருந்தை மட்டும்தான். கிளினிக்கில் வைத்தியர் "ஒழுங்காகக் குளிசை போடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுவாராம்.

"பேச்சு விழும் எண்டு பயம்" என்றார்.

இந்த ஒரு "ஓம்" எவ்வளவு செலவை உண்டாக்கியது என்று பாருங்கள். குருதியமுக்கம் குறையவில்லை என்று கண்ட வைத்தியர், முதல் மருந்து போதவில்லை என்று நினைத்தார். இரண்டாவது குளிசை ஒன்றையும் சேர்த்து எழுதினார். அதுவும் வைத்தியசாலையில் இருக்கவில்லை. ஆக, பணம் மிச்சம் பிடிக்க நினைத்தவருக்கு மாதச் செலவு கூடியதுதான் மிச்சம். நோயோ அப்படியே இருந்தது.

எமது வாசகிகளில் பலர் இந்த அக்காவில் தம்மைக் காண்பார்கள் என்று நினைக்கிறோம். வருமானம் குறைந்த வீட்டில் முதலில் குறைவது பெண்ணின் சாப்பாடு, அடுத்ததாகக் குறைவது பெண்ணின் மருந்து. மருந்துச் செலவைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. ஆனால் குளிசையைக் குறைப்பது அதில் ஒன்றல்ல.

விலை ஏன் இப்படி ஏறியது?

எமது நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் பெரும் பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அவற்றை டொலர் கொடுத்து வாங்க வேண்டும். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களுக்குள் அது 350 ரூபாவைத் தாண்டியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மருந்துகளின் விலையை 29 வீதம் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் உச்சவிலை மேலும் 40 வீதம் உயர்ந்தது. 2023 யூன் மாதத்தில் 60 வகை மருந்துகளின் விலை 16 வீதம் குறைக்கப்பட்டது. ஏறிய அளவுக்கு இறங்கவில்லை என்பது கணக்குப் போட்டால் தெரியும். 100 ரூபா மருந்து 40 வீதம் ஏறினால் 140 ரூபா. அதிலிருந்து 16 வீதம் குறைந்தால் 117 ரூபா 60 சதம்.

மருந்துத் தட்டுப்பாடு எங்களுக்குப் புதியதல்ல. பொருளாதாரத் தடையும் பாதை மூடலும் இருந்த காலத்தில் ஒரு பனடோலுக்கும் அலைந்தவர்கள் நாங்கள். ஆனால் அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றல்ல. அன்று கடையில் மருந்து இல்லை. இன்று கடையில் மருந்து இருக்கிறது, கையில் காசு இல்லை. ஆகவே இன்று நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே மருந்து எந்தெந்த விலைகளில் இருக்கிறது என்பதைத்தான்.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு. அது அந்த மருந்தின் சொந்தப் பெயர். அதைச் செய்கின்ற கம்பனிகள் தாம் விற்பதற்காக வைக்கும் பெயர் வேறு. அது வணிகப்பெயர். பனடோல் என்பது வணிகப்பெயர். அதற்குள் இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் பரசிற்றமோல். பரசிற்றமோலைப் பல கம்பனிகள் பல பெயர்களில், பல விலைகளில் விற்கின்றன.

எமது வீடுகளில் உள்ள வேறு சில மருந்துகளையும் இவ்வாறே பார்க்கலாம். சீனி வருத்தத்துக்கான குளுக்கோபேஜ் என்பதன் பொதுப்பெயர் மெற்போமின். குருதியமுக்கத்துக்கான நோர்வாஸ்க் என்பது அம்லோடிபின். கோசார் என்பது லோசாட்டன். கொழுப்புக்கான லிப்பிற்றோர் என்பது அற்றோவாஸ்ரற்றின். இழுப்புக்கான வென்டோலின் என்பது சல்பியூற்றமோல்.

ஒரு மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பனிக்குக் குறித்த ஆண்டுகளுக்கு அதனை விற்கும் தனியுரிமை இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் வேறு கம்பனிகளும் அதே மருந்தைச் செய்யலாம். அவர்களுக்கு ஆராய்ச்சிச் செலவு இல்லை. விளம்பரச் செலவும் குறைவு. அதனால் விலையும் குறைகிறது. மேலே சொன்ன ஐந்து மருந்துகளின் தனியுரிமைக் காலமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு கம்பனியின் குளிசை 10 ரூபா, இன்னொரு கம்பனியுடையது 40 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்று போடுபவருக்கு 30 நாளைக்கு 300 ரூபா அல்லது 1,200 ரூபா. ஆண்டுக்கு 3,650 ரூபா அல்லது 14,600 ரூபா. வித்தியாசம் 10,950 ரூபா. அந்த அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பிடித்த மிச்சத்தைவிட, பெயரைக் கேட்டு வாங்கியிருந்தால் மிச்சம் கூடுதலாக இருந்திருக்கும். குளிசையும் நாள் தவறாமல் போட்டிருப்பார்.

இந்த உண்மையை உலகத்துக்குச் செய்து காட்டியவர் எமது நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் அவர். நாட்டுக்குத் தேவையான மருந்துகள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றைப் பொதுப்பெயரில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் மருந்து எட்டும் என்பது அவரது கொள்கை. 1977 இல், தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் இதே பணிக்காகச் சென்றிருந்தபோது அவர் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. ஒசுசல என்ற பெயரில் இயங்கும் அரச மருந்தகங்கள் இந்தக் கூட்டுத்தாபனத்துக்கு உரியவை.

விலை குறைந்த மருந்து வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாசகி இருக்கமாட்டார். "மலிவுக் குளிசை போட்டால் சீனி இறங்காது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மருந்துகளின் தரம் பற்றி 2023 இல் நாட்டில் எழுந்த பெரும் சர்ச்சைக்கும் வழக்குக்கும் பின்னர் இந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. பயப்படுவதில் பிழை இல்லை.

ஆனால் விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. விலை கூடிய மருந்தும் இறக்குமதி ஆகிறது, விலை குறைந்த மருந்தும் இறக்குமதி ஆகிறது. இரண்டும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நாம் பார்க்க வேண்டியவை வேறு. பாமசி அனுமதி பெற்றதா? அங்கு தகுதி பெற்ற மருந்தாளர் நிற்கிறாரா? காலாவதித் திகதி என்ன? குளிசை நிறம் மாறியோ உடைந்தோ இருக்கிறதா? பெட்டிக்கடையிலும், பஸ் நிலையத்திலும், "வெளிநாட்டிலிருந்து வந்தது" என்று தெரிந்தவர் கையிலும் வாங்குவதுதான் உண்மையான ஆபத்து.

கம்பனியை மாற்றிய பின் பயமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. இரண்டு மூன்று கிழமை போட்டபின் குருதியமுக்கத்தையும் சீனியையும் அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

சில மருந்துகளில் மட்டும் கம்பனியை நாமாக மாற்றக்கூடாது. வலிப்பு மருந்துகள், குருதி உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், தைரோயிட் குளிசை ஆகியவற்றில் சிறு வித்தியாசமும் உடலில் தெரியலாம். போரில் தலையில் காயம்பட்டு வலிப்பு மருந்து எடுக்கும் சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வைத்தியரிடம் சொல்லிய பின்னரே மாற்றுங்கள்.

பாமசியில் எப்படிக் கேட்பது?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துத் துண்டில் மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட வேண்டும். ஆகவே நீங்கள் பொதுப்பெயரைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. எமது பெண்கள் பலருக்குப் பாமசியில் கேள்வி கேட்கக் கூச்சம். பின்னால் வரிசை நிற்கிறது, துண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, காசு இல்லாதவள் என்று நினைப்பார்கள் என்ற எண்ணம். பின்வரும் வார்த்தைகளை மனதில் வைத்திருங்கள்.

"தம்பி, இந்த மருந்தின்ர பொதுப்பெயர் என்ன? இதே மருந்தில விலை குறைஞ்சது எது இருக்கு? கூட்டுத்தாபனத்தின்ர குளிசை இருக்கோ?"

"ஒரு குளிசை என்ன விலை? மட்டையில போட்டிருக்கிற விலையைக் காட்டுங்கோ."

"இண்டைக்கு பத்து நாளைக்குத் தாங்கோ. துண்டைத் திருப்பித் தாங்கோ, மிச்சத்தைப் பிறகு எடுக்கிறன்."

இந்த மூன்றாவது வாக்கியம் முக்கியம். முழு மாதத்துக்கும் ஒரே தடவையில் காசு இல்லாவிட்டால் பத்து நாளைக்கு வாங்கி நாள் தவறாமல் போடுங்கள். ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை, அதாவது புண், சளி, காய்ச்சலுக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்று தருவதை, முழுவதுமாக வாங்கி முழுவதுமாகப் போட வேண்டும்.

2016 ஒக்ரோபரில் 48 வகை மருந்துகளுக்கு முதன்முதலாக உச்சவிலை நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பட்டியல் விரிந்தது. மட்டையிலோ பெட்டியிலோ அச்சிட்டுள்ள விலைக்கு மேல் வாங்கினால், பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கிளினிக்கில் எதைச் சொல்வது?

முதலில், உண்மையைச் சொல்லுங்கள். "டொக்டர், காசில்லாததால நான் இந்தக் குளிசையைப் பாதி நாள்தான் போட்டனான்." இதைச் சொன்னால் வைத்தியர் தேவையில்லாத இரண்டாவது மருந்தை எழுதமாட்டார். பேச்சு விழுந்தாலும் அது ஒரு நிமிடம். பொய் சொன்னால் அதற்கான விலையை மாதா மாதம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, "வைத்தியசாலையில் இருக்கிற மருந்தாக மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். குருதியமுக்கத்துக்கு ஒரு வகை மருந்து மட்டும் இல்லை, பல வகைகள் உண்டு. ஒன்று இருப்பில் இல்லாவிட்டால் இருக்கின்ற இன்னொன்றைக் கொடுப்பது பல நோயாளருக்குச் சாத்தியம். இதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். ஆனால் கேட்க வேண்டியவர் நீங்கள்.

சீனி வருத்தத்துக்கு இப்போது எம்பாகிளிபுளோசின், சிற்றாகிளிப்ரின் போன்ற புதிய குளிசைகளை எழுதுகிறார்கள். புதியது என்பதற்காக வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம், புதியதுதான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். எம்பாகிளிபுளோசின் இருதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட சிலருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. அப்படியான பாதிப்பு இல்லாத பலருக்கு, பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மெற்போமினே இன்றும் முதல் மருந்து. "டொக்டர், இது எனக்கு ஏன் தேவை? பழைய குளிசை போதாதா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். தேவை என்றால் கம்பனிக்குக் கம்பனி விலையை விசாரித்து வாங்கலாம். இரண்டு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த குளிசைகளும் உண்டு. அவை சில வேளை மலிவு, சில வேளை விலை கூட. தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீல நிறப் பம் மூச்சு இழுக்கும்போது ஆறுதல் தருவது. இழுப்பு வராமல் தடுப்பதற்குத் தினமும் எடுக்கும் மருந்து வேறு. தடுக்கும் மருந்தை நிறுத்தினால் நீலப் பம்முக்கும், இரவில் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுவதற்கும் செலவு கூடும். பம்மில் இருந்து மருந்து சரியாக நெஞ்சுக்குப் போக ஒரு இடைக்குழாய் வேண்டும். அதைக் கடையில் வாங்க வசதி இல்லாவிட்டால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்மின் வாய்க்கு ஏற்ற துளையிட்டும் செய்துகொள்ளலாம். கிளினிக்கில் தாதியிடம் கேட்டால் செய்முறையையும் எடுக்கும் முறையையும் காட்டுவார்.

பஸ் செலவும் மருந்துச் செலவுதான். உங்கள் நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் தூரத்திலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் பதிலாக அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு மருந்து தர முடியுமா என்றும் கேளுங்கள்.

எதை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது?

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அற்றெனலோல் போன்ற இருதய மருந்துகளையும், நீண்ட காலம் எடுத்த ஸ்ரீரொயிட் குளிசையையும் வைத்தியர் சொல்லும் படிமுறையில்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கும் நித்திரைக்கும் தரும் மருந்துகளும் அப்படியே. இழப்புகளைச் சுமந்த எமது சகோதரிகளில் பலர் இந்த மருந்துகளை எடுக்கிறார்கள். "இப்ப சுகம்தானே" என்று தாமாக நிறுத்திவிட்டு மீண்டும் விழுந்துவிடுகிறார்கள். அரச வைத்தியசாலை மனநல கிளினிக்கில் இம்மருந்துகள் இலவசம் என்பதை நினைவில் வையுங்கள். காசநோய் மருந்துகளும் மார்புநோய் கிளினிக்கில் முழுவதும் இலவசம்.

குருதியமுக்கக் குளிசையை நிறுத்தினால் உடம்பில் ஒன்றும் தெரியாது. அதுதான் அதன் ஆபத்து. தலைச்சுற்று இல்லை, தலையிடி இல்லை என்று இருப்போம். ஒருநாள் காலையில் வாய் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சுக் குழறும். இது பாரிசவாதம். அந்த நேரம் எண்ணெய் பூசவும், நேர்த்தி வைக்கவும் நிற்காமல் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். குடும்பத்துக்கு ஒரே ஆதாரமான பெண் ஒரு பக்கம் விழுந்துவிட்டால், பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்கப் போவது பெரும்பாலும் அவளுடைய மகள்தான். தன் குளிசைக்குச் செலவழிப்பது சுயநலம் என்று நினைக்கும் தாய்மார் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

குளிசையைப் பாதியாக உடைப்பது பற்றியும் கேட்கிறார்கள். நடுவில் கோடு உள்ள குளிசையை வைத்தியர் சொன்னால் உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று எழுதியிருந்தால் அது மெதுவாகக் கரையும் குளிசை. அதை உடைக்கவும் கூடாது, அரைக்கவும் கூடாது.

நோக் குளிசைகளில் கவனம்

உண்மையாகவே குறைக்க வேண்டிய குளிசையும் ஒன்று உண்டு. அது கால் உழைவுக்கும் இடுப்பு நோவுக்கும் நாமாக வாங்கிப் போடும் நோக் குளிசை. டைக்குளோபெனக், ஐபுபுரொபன் போன்றவற்றை நாட்கணக்காகப் போட்டால் இரைப்பையில் புண் வரலாம், குருதியமுக்கம் ஏறலாம், சிறுநீரகம் பழுதடையலாம். சீனியும் பிறஷரும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வன்னிப் பகுதியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையோ கையையோ இழந்த சிலருக்கு, இல்லாத அந்த உறுப்பிலேயே எரிவும் குத்தும் வரும். "இல்லாத கால் நோகுது எண்டு சொன்னால் விசர் எண்டு நினைப்பினம்" என்று ஒரு சகோதரி எம்மிடம் சொன்னார். இது விசர் அல்ல. வெட்டுப்பட்ட நரம்பிலும் மூளையிலும் இருந்து வரும் உண்மையான நோ. சாதாரண நோக் குளிசை இதற்குப் பெரிதாகக் கேட்காது. அமிற்றிப்ரிலின் போன்ற விலை குறைந்த பழைய மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். பயனில்லாத குளிசைக்கு மாதா மாதம் காசு கொடுப்பதை விட, இதனைக் கிளினிக்கில் ஒருமுறை வாய் திறந்து சொல்வது நல்லது.

நரம்பு நோவுக்குத் தரும் பிறிகபலின் என்ற மருந்தை இப்போது போதைக்காகத் தேடுகிறார்கள். வீட்டில் அந்த மருந்து இருந்தால் எண்ணி, பூட்டி வையுங்கள். "மிச்சம் இருக்கோ" என்று கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் மருந்தைக் காப்பது

கெட்டுப்போன மருந்தும் வீண் செலவு. குளிசைகளை மட்டையோடும் பெயரோடும் வையுங்கள். பல குளிசைகளை ஒரே ரின்னில் கலந்து போட வேண்டாம். அடுப்படிக்குப் பக்கத்திலும் தகரக் கூரைக்குக் கீழும் வெப்பம் அதிகம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இன்சுலின் வைக்கலாம். பாவனையில் உள்ள போத்தல் 30 பாகை செல்சியஸுக்குக் குறைந்த இடத்தில் சுமார் நான்கு கிழமைக்கு நிற்கும். வெயில் காலத்தில் எமது வீடுகள் இதைவிடச் சூடாக இருப்பதால் மண்பானை உதவும். பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய பானையை இறக்கி, போத்தலைத் தண்ணீர் படாமல் அதில் வைத்து, ஈரத் துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணலுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறக்காத போத்தல்களை, குளிர்சாதனப் பெட்டி உள்ள அயல் வீட்டில் வைக்கலாம். ஐஸ் கட்டும் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

சேர்ந்து செய்யக் கூடியவை

தனியாகக் கேட்க முடியாததைச் சங்கமாகக் கேட்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தமது மருந்தின் பொதுப்பெயரை ஒரு கொப்பியில் எழுதட்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உதவட்டும். யாருக்கு எந்த மருந்து, எந்தப் பாமசியில் என்ன விலை என்று எழுதினால் இரண்டு மாதத்துக்குள் ஊருக்கே ஒரு விலைப்பட்டியல் வந்துவிடும். நகரத்துக்குப் போகும் ஒருவர் ஐந்து பேரின் துண்டுகளைக் கொண்டுபோய் ஒசுசலவில் வாங்கி வந்தால் நான்கு பேரின் பஸ் காசு மிச்சம். ஆனால் ஒருவரின் குளிசையை மற்றவர் போடுவது மட்டும் கூடவே கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும்.

35 வயதான பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும் சுவநாரி கிளினிக்கில் குருதியமுக்கம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. நாள் எப்போது என்று உங்கள் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். ஆரம்பத்தில் கண்ட நோய்க்கு மருந்தும் குறைவு.

சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய மாதாந்தக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இருதய சத்திரசிகிச்சை, புற்றுநோய் மருந்து போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம். 2025 பெப்ரவரி முதல் இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நாம் முதலில் சொன்ன அக்காவிடம் திரும்புவோம். அடுத்த கிளினிக்குக்குச் சங்கத்தில் ஒரு சகோதரி அவரோடு கூடச் சென்றார். அக்கா நடந்ததைச் சொன்னார். பேச்சு விழுந்ததுதான். ஆனால் வைத்தியர் இரண்டாவது குளிசையை வெட்டிவிட்டு, முதல் குளிசையை ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அது அன்றும் வைத்தியசாலையில் இல்லை. பாமசியில் பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அதே மருந்து வேறொரு கம்பனியுடையது, குறைந்த விலையில், பின் தட்டில் இருந்தது.

"இவ்வளவு நாளும் இது இங்கதான் கிடந்ததோ?" என்று அவர் கேட்டாராம்.

"நீங்கள் கேக்கேல்லையே அம்மா" என்று சொல்லியிருக்கிறார் அந்தத் தம்பி.

இன்று இரவு உங்கள் கிளினிக் கொப்பியை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் மருந்துகளின் பொதுப்பெயர்களை எழுதிவையுங்கள். அடுத்த முறை பாமசிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிக் கேளுங்கள்.